பிளக் சாக்கெட் வாங்கும் முன்: பதினாறும் ஐந்து நூலும்

காரைக்குடியில் ஏதேனும் ஒரு ஹார்டுவேர் கடையின் கல்லாவுக்கு எதிரே சிறிது நேரம் நின்றால், "அண்ணே, பதினாலு பிளக்குக்கு ஒரு பதினாலு சாக்கெட்டுக் குடுங்க" என்று கேட்கும் குரல் ஒன்றாவது காதில் விழும். அவர் கேட்பது வண்டி எஞ்சினில் தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி மாட்டும் சாக்கெட்டை. கடைக்காரர் பொறுமையுள்ளவராக இருந்தால், "பிளக்கு பதினாலுதான் தம்பி, ஆனா அதைக் கழட்டுறது இருபத்தொண்ணு" என்று சொல்லிச் சரியானதை எடுத்து வைப்பார். வியாபாரம் சூடாக நடக்கும் நேரமாக இருந்தால் கேட்டதைக் கேட்டபடியே கொடுத்துவிடுவார். வாங்கியவர் வீட்டுக்குப் போய் முகப்பில் வண்டியை நிறுத்திப் பார்க்கும்போது அந்தச் சாக்கெட் பிளக்கின் தலையில் உட்காரவே உட்காராது.

இந்தக் குழப்பத்தில் இரண்டு முடிச்சுகள் இருக்கின்றன. பிளக்கின் மரை அளவையும் அதன் தலையின் அளவையும் ஒன்றாக நினைத்துக்கொள்வது முதல் முடிச்சு. ஒரே சாக்கெட்டை ஒருவர் மில்லிமீட்டரிலும் இன்னொருவர் இஞ்சிலும் சொல்வது இரண்டாவது முடிச்சு. பலரும் இரண்டாவதைத்தான் பெரிய சிக்கல் என்று நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் காசையும் பிளக்கையும் வீணாக்குவது பெரும்பாலும் முதலாவதே. ஆகவே அதிலிருந்து தொடங்குகிறேன்.

எதை அளப்பது

பிளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். கீழே எஞ்சினுக்குள் இறங்கும் மரைப்பகுதி, அதற்கு மேலே ஆறு பக்கமுள்ள இரும்புத் தலை, அதற்கும் மேலே வெள்ளைப் பீங்கான், உச்சியில் கேப் மாட்டும் முனை என்று அது நான்கு பகுதிகளாக இருக்கும். பிளக்கைப் பற்றிப் பேசும்போது "பத்து", "பன்னிரண்டு", "பதினாலு" என்று சொல்வதெல்லாம் மரையின் விட்டத்தை. சாக்கெட் பிடிப்பது மரையை அன்று. அந்த அறுகோணத் தலையை. அறுகோணத்தின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடைப்பட்ட தூரமே சாக்கெட்டின் அளவு.

மரைக்கும் தலைக்கும் நிலையான கணக்கு எதுவும் கிடையாது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 14 மி.மீ. மரை கொண்ட பிளக்குகளிலேயே 20.8 மி.மீ. தலை உள்ளதும் உண்டு, 19 உள்ளதும் உண்டு, 16 உள்ளதும் உண்டு. 12 மி.மீ. மரையில் 18 தலையும் வருகிறது, 16 தலையும் வருகிறது. 10 மி.மீ. மரை என்றால் பெரும்பாலும் 16 தலைதான். ஆகவே மரையைச் சொல்லிச் சாக்கெட் கேட்பது, செருப்புக் கடையில் இடுப்பளவைச் சொல்வதைப் போன்றது.

நம் பக்கத்து வண்டிகளை வைத்துச் சொல்வதானால், பழைய இரண்டு ஸ்ட்ரோக் மொபெட்டுகள், சேட்டக் ஸ்கூட்டர், ஆர்.எக்ஸ். 100, வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட், அம்பாசிடர் ஆகியவை 14 மி.மீ. மரையும் 20.8 தலையும் கொண்ட பெரிய பிளக் குடும்பம். இவற்றுக்கு மெக்கானிக்குகள் "இருபத்தொண்ணு" என்று சொல்லும் சாக்கெட் வேண்டும். ஸ்பிளெண்டர் போன்ற 100 சிசி நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளும் பல்சர் வகையறாவும் 10 மி.மீ. மரையும் 16 தலையும் கொண்டவை. வயலில் தண்ணீர் இறைக்கும் சிறிய பெட்ரோல் பம்ப்செட்டுகளில் இன்றும் பெரிய பிளக்கே அதிகம். சீமைக் கருவேலங் கன்றுகளையும் புல்லையும் வெட்ட வாங்கும் தோள்பட்டை வெட்டும் இயந்திரங்கள் பலவற்றில் 19 தலை வரும். பெட்டியோடு ஒரு சிறிய கூட்டுச் சாவி வருவதால் இது பலருடைய கண்ணில் படுவதில்லை, அந்தச் சாவி தொலைந்த பிறகுதான் தெரியவரும். டீசல் டிராக்டருக்குத் தீப்பொறிப் பிளக்கே கிடையாது என்பதையும் ஒரு வரியில் சொல்லிவைக்கிறேன். டிராக்டருக்குப் பிளக் சாக்கெட் கேட்டு வருபவர்களையும் பார்த்திருக்கிறேன்.

பெரிய தலை ஏன் சிறிதாகிக்கொண்டே வருகிறது என்று கேட்கலாம். ஒரு சிலிண்டருக்கு நான்கு வால்வுகள் வந்த பிறகு எஞ்சின் தலைப்பகுதியில் பிளக்குக்கு இடம் குறைந்துவிட்டது. வால்வுகளை அகலமாக்கவும் குளிர்விக்கும் நீர் ஓடும் வழியை விடவும் பிளக் ஒல்லியாக வேண்டியிருந்தது. அதனால்தான் 20.8 இருந்த இடத்தில் 16 வந்தது, இன்றைய சில கார்களில் 14 வரை இறங்கிவிட்டது.

வெர்னியரைப் பிடிக்கும் விதம்

பழைய பிளக் கழற்றிய நிலையில் கையில் இருந்தால் அதைவிட நல்ல ஆதாரம் இல்லை. தலையில் ஒட்டியிருக்கும் எண்ணெயையும் புழுதியையும் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, வெர்னியர் என்ற அளவுக் கருவியின் தாடைகளை எதிரெதிரான இரண்டு தட்டைப் பக்கங்களின் மேல் படுமாறு வையுங்கள். தாடையை மெதுவாக இறுக்கி, பிளக்கை இம்மி இம்மியாக இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்தால், எந்த இடத்தில் அளவு மிகக் குறைவாக வருகிறதோ அதுவே சரியான அளவு. மூன்று ஜோடிப் பக்கங்கள் இருப்பதால் மூன்றையும் அளந்துவிடுங்கள். ஒரு ஜோடி மட்டும் குறைவாக இருந்தால், யாரோ முன்பு பைப் ரென்ச் போட்டுக் கடித்திருக்கிறார்கள் என்று பொருள்.

வெர்னியர் இல்லாமல் பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து அளப்பவர்கள் செய்யும் தவறு ஏறக்குறைய எப்போதும் ஒன்றேதான்: பக்கத்தை விட்டுவிட்டு முனையிலிருந்து முனைக்கு அளந்துவிடுவார்கள். அறுகோணத்தில் முனைக்கு முனை தூரம், பக்கத்துக்குப் பக்கம் உள்ள தூரத்தைப்போல 1.155 மடங்கு. ஆகவே 16 தலையை முனைக்கு முனை அளந்தால் ஏறத்தாழ 18.5 வரும், அளந்தவர் "பதினெட்டும் இல்லை, பத்தொன்பதும் இல்லை, இது ஏதோ இஞ்ச் அளவு" என்று முடிவு கட்டிவிடுவார். 20.8 தலையில் இதே தவறு 24 மி.மீ. என்று காட்டும். ஸ்கேலில் 18.5 அல்லது 24 என்று வந்தால் இஞ்ச் பட்டியலைத் தேடிப் போகாதீர்கள். திரும்ப அளந்து பாருங்கள்.

பிளக் எஞ்சினுக்குள்ளேயே இருக்கிறது, ஆழமான குழியில் இருக்கிறது, வெர்னியர் இறங்காது என்றால் அடுத்த வழி பெயரைப் படிப்பது.

பிளக்கின் மேல் எழுதியிருப்பது

வண்டியோடு வந்த கையேட்டிலோ புதிய பிளக்கின் அட்டைப் பெட்டியிலோ, பீங்கானின் மேலேயோ ஒரு குறியீடு இருக்கும். அதன் முதல் எழுத்து நமக்குப் போதும். என்.ஜி.கே. நிறுவனத்தின் பிளக்காக இருந்தால் 'பி' (B) என்று தொடங்குவது 14 மி.மீ. மரை, 20.8 தலை. 'சி' (C) என்றால் 10 மரை, 16 தலை. 'டி' (D) என்றால் 12 மரை, 18 தலை. இரண்டெழுத்தாக வந்தால் கவனம் வேண்டும்: 'பிசி' (BC), 'பிகே' (BK) இரண்டிலும் மரை அதே 14தான், ஆனால் தலை 16 ஆகிவிடுகிறது; 'டிசி' (DC) என்றால் 12 மரை, 16 தலை. முதல் எழுத்து 'பி' என்று பார்த்தவுடனே இருபத்தொன்றை எடுத்துக்கொண்டு ஓடுபவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். ஆனால் நடுவில் வரும் எல்லா எழுத்துகளும் தலையைச் சொல்வனவல்ல. 'பிபிஆர்6இஎஸ்' (BPR6ES) என்பதில் இரண்டாவது 'பி' (P) முனை வெளியே நீண்டிருப்பதையும், 'ஆர்' உள்ளே மின்தடை இருப்பதையும் குறிப்பவை. ஆகவே அது பெரிய தலைப் பிளக்தான். 'சிஆர்7எச்எஸ்ஏ' (CR7HSA) என்பது 10 மரையும் 16 தலையும்.

பாஷ் நிறுவனத்தின் எழுத்துமுறை வேறு. நம் ஊரில் பெரியவர்கள் இன்னும் மைக்கோ பிளக் என்றுதான் சொல்வார்கள். 1951இல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோ 2008இல் பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதில் 'டபிள்யூ' என்று தொடங்கினால் 14 மரையும் பெரிய தலையும், 'எஃப்' என்று தொடங்கினால் 14 மரையும் 16 தலையும், 'யு' என்று தொடங்கினால் 10 மரையும் 16 தலையும். குறியீட்டில் உள்ள எண் வெப்ப அளவைச் சொல்வது; அதைச் சாக்கெட் அளவோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. என்.ஜி.கே.யில் எண் கூடினால் குளிர்ந்த பிளக், பாஷில் எண் குறைந்தால் குளிர்ந்த பிளக் என்று இரண்டும் எதிரெதிராகப் போகும். அது தனிக் கதை.

மில்லிமீட்டரும் நூலும்

இனி இரண்டாவது முடிச்சு. எடையும் அளவையும் பற்றிய 1956ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு நாடு மெட்ரிக் முறைக்கு மாறிவிட்டது. ஆனால் கம்பி, பைப், போல்ட் விற்கும் கடைகளும் தச்சர்களும் இன்றுவரை இஞ்சையும் நூலையும் விடவில்லை. ஓர் இஞ்சுக்கு எட்டு நூல். ஆகவே 5/8 இஞ்ச் என்பது ஐந்து நூல், 3/4 இஞ்ச் என்பது ஆறு நூல், 7/8 இஞ்ச் ஏழு நூல். 13/16 இஞ்ச் என்று இங்கிலீஷ்காரன் தலையைச் சுற்றி எழுதியது நம் வாயில் ஆறரை நூல் என்று சட்டென்று வந்துவிடும். பழைய கணக்குப்பிள்ளைகளின் பின்ன வாய்பாட்டில் சொன்னால் அது முக்காலே வீசம் (வீசம் என்பது பதினாறில் ஒரு பங்கு). முக்காலே மூன்று வீசம் என்று எல்லோரும் பேச்சில் சொல்கிறோமே, அதிலிருந்து இரண்டு வீசம் குறைந்தது.

ஓர் இஞ்ச் என்பது மிகச் சரியாக 25.4 மி.மீ. என்பதால் பெருக்கிப் பார்ப்பது எளிது. 5/8 இஞ்ச் 15.875 மி.மீ. ஆகும், 16க்கும் அதற்கும் உள்ள வேறுபாடு 0.125 மி.மீ. மட்டுமே. பிளக் தயாரிப்பவர்கள் தலையைப் பெயரளவைவிட இம்மி சிறிதாகவும், சாக்கெட் தயாரிப்பவர்கள் வாயைப் பெயரளவைவிட இம்மி பெரிதாகவும் செய்வதால், 16 தலைக்கு ஐந்து நூல் சாக்கெட் பெரும்பாலும் இறுக்கமாக, நன்றாகவே உட்காரும். பிளக்குக்கென்றே செய்த சாக்கெட்டுகள் பலவற்றில் "16 மி.மீ." என்றும் "5/8" என்றும் இரண்டையும் சேர்த்தே பொறித்திருப்பதற்குக் காரணம் இதுதான். கடையில் ஒன்று கேட்டு மற்றொன்றைக் கொடுத்தால் சண்டை போட வேண்டியதில்லை.

13/16 இஞ்ச் 20.64 மி.மீ.; பிளக்கின் தலை பெயரளவில் 20.8, மெட்ரிக் சாக்கெட்டின் பெயர் 21. மூன்று எண்கள் இருந்தாலும் ஒரே குடும்பம். இவற்றில் 20.8 என்று பொறித்த சாக்கெட் கிடைத்தால் அதை எடுங்கள். 13/16 இறுக்கமாக உட்காரும், அதுவும் நல்லதே. சாதாரணப் போல்ட் சாக்கெட் தொகுப்பில் வரும் 21இல் சற்றே ஆட்டம் இருக்கும். தலை புதிதாக இருக்கும்வரை அது வேலை செய்யும், பல முறை கழற்றி மாட்டிய பழைய தலையில் நான் அதை நம்புவதில்லை.

3/4 இஞ்ச் 19.05 மி.மீ. என்பதால் 19 தலைக்கு இரண்டில் எது கிடைத்தாலும் போடலாம். 18 தலைக்கு மட்டும் இஞ்சில் மாற்றே இல்லை. 11/16 இஞ்ச், அதாவது ஐந்தரை நூல், 17.46 மி.மீ.; அது 18 தலையில் ஏறாது. அடுத்ததான ஆறு நூல் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தளர்வு. ஆகவே 'டி' என்று தொடங்கும் என்.ஜி.கே. பிளக் உள்ள பழைய ஜப்பான் வண்டிக்கு 18 சாக்கெட்டையே தேடிப் பிடிக்க வேண்டும். 14 தலைக்கு 9/16 இஞ்ச், அதாவது 14.29 மி.மீ., ஏறிவிடும் என்றாலும் அந்த ஒல்லித் தலையில் அதைப் போட வேண்டாம்.

14 தலையில் இன்னொரு நுணுக்கம் உண்டு. பி.எம்.டபிள்யூ. கார்கள் பலவற்றில் பிளக்கின் தலையே பன்னிரண்டு முனை கொண்டது. அதற்குப் பன்னிரண்டு முனைச் சாக்கெட்தான் ஏறும். ஆறு முனைச் சாக்கெட் நுழையாது. மற்ற எல்லா ஆறு பக்கத் தலைகளுக்கும் ஆறு முனைச் சாக்கெட்டே சிறந்தது, ஏனென்றால் அது பக்கத்தைப் பிடிக்கும். பன்னிரண்டு முனைச் சாக்கெட் ஆறு பக்கத் தலையிலும் ஏறும், ஆனால் பிடி முனைக்கு மிக அருகில் விழும்; தேய்ந்த தலையில் வழுக்கும்.

கிட்டத்தட்டப் பொருந்துவது

மிகப் பெரிய சாக்கெட்டால் கெடுதல் இல்லை. 16 தலையின் முனைக்கு முனை 18.5 என்று பார்த்தோம். ஆகவே அதன்மேல் 19 சாக்கெட்டை மாட்டினால் அது சும்மா சுற்றும், நாமும் தவறு என்று உணர்ந்து கையை எடுத்துவிடுவோம். ஆனால் 17 சாக்கெட்டை மாட்டினால் அது சுற்றாது. ஆறு முனைகளில் மட்டும் கடித்துக்கொண்டு, பிடித்துவிட்டது போலவே போக்குக் காட்டும். நாம் நம்பி அழுத்தும்போது முனைகள் மழுங்கிவிடும். 20.8 தலையில் 22 அல்லது ஏழு நூல் சாக்கெட்டைப் போட்டாலும் இதே கதிதான்.

இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. நாட்டரசன்கோட்டையில் செவ்வாய்ப் பொங்கலுக்கு முதல்நாள் இரவு, விடியுமுன் புறப்பட வேண்டும் என்ற அவசரத்தில், இருமிக்கொண்டிருந்த என் ஸ்பிளெண்டரின் பிளக்கைக் கழற்ற உட்கார்ந்தேன். தொகுப்பில் பதினாறின் இடம் காலியாக இருந்தது, 17 இருந்தது. சற்று ஆடினாலும் பிடிக்கிறதே என்று நீளமான கைப்பிடியைப் போட்டு ஒரு தள்ளு தள்ளினேன். சாக்கெட் "டக்" என்று வழுக்கி, சாய்ந்து, பீங்கானில் இடித்தது. கைவிளக்கைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தால் தலையின் ஆறு முனையும் பளபளவென்று உருண்டிருந்தன, வெள்ளைப் பீங்கானில் தலைமயிர் போல ஒரு கறுப்புக் கோடு விழுந்திருந்தது. அப்படி விரிசல் விட்ட பீங்கான் வழியே மின்சாரம் ஒழுகிவிடும் என்பதால் அந்தப் பிளக்கைத் திரும்பப் பயன்படுத்தவும் முடியாது.

கோலாலம்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த பங்காளி வீட்டு அண்ணன் ஒருவர் தம் தகப்பனார் வைத்திருந்த இஞ்ச் தொகுப்பிலிருந்து ஐந்து நூல் சாக்கெட்டை எடுத்துவந்தார். "பதினாறைவிட இது ஒரு மயிரிழை சின்னது, தட்டி ஏத்து" என்றார். மழுங்கிய தலையின் மேல் அதை நேராக நிறுத்தி, மரக்கட்டை வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டியதும் அது இறுகி உட்கார்ந்தது; ஒரே திருப்பில் பிளக் கழன்றது. வேறுபாடு 0.125 மி.மீ. என்று மேலே எழுதினேனே, அன்று அந்த வேறுபாடுதான் கைகொடுத்தது. எப்படியும் தூக்கி எறியப்போகும் பிளக்குக்கு மட்டுமே இந்த வைத்தியம்.

பழம்பொருள் கடையில் கிடைக்கும் சாக்கெட்டுகள்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளைச் சுற்றி வருபவர்களுக்கு, மரவைகளுக்கும் எனாமல் பாத்திரங்களுக்கும் நடுவே இங்கிலாந்தில் செய்த கனமான பாக்ஸ் ஸ்பேனர்களும் சாக்கெட்டுகளும் எப்போதாவது கண்ணில் படும். அவற்றின் இரும்பு இன்றைய மலிவுச் சரக்கைவிட நன்றாகவே இருக்கும். ஆனால் அதன் மேல் உள்ள எண்ணை நேரடியாக நம்பினால் ஏமாந்துபோவோம்.

"7/16 டபிள்யூ" என்று பொறித்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். 7/16 இஞ்ச் என்றால் 11.1 மி.மீ.; ஆனால் அதன் வாயை அளந்தால் 20.8 மி.மீ. வரும். இது பிழையன்று. அந்த 'டபிள்யூ' விட்வொர்த் என்ற பழைய இங்கிலாந்து மரை முறையைக் குறிப்பது. அந்த முறையில் ஸ்பேனரின் மேல் எழுதுவது வாயின் அகலத்தை அன்று, அது திருப்ப வேண்டிய போல்ட்டின் விட்டத்தை. அதே ஸ்பேனரில் "1/2 பிஎஸ்" என்றும் இருந்தால் குழம்ப வேண்டாம். 'பிஎஸ்' குறிக்கும் நுண்மரைப் போல்ட்டுகளுக்குத் தலை ஒரு படி சிறிது என்பதால் இரண்டு பெயரும் ஒரே வாய்க்கு வருகின்றன. 7/16 விட்வொர்த் வாயின் முறையான அகலம் 0.820 இஞ்ச், அதாவது 20.83 மி.மீ. பெரிய பிளக்கின் தலையோ 20.8. ஆகவே அந்தத் துருப்பிடித்த துண்டு, அம்பாசிடருக்கும் பழைய புல்லட்டுக்கும் அச்சாகப் பொருந்தும் பிளக் சாக்கெட்.

3/8 விட்வொர்த் என்பதன் வாய் 18.03 மி.மீ.; இஞ்ச் பட்டியலில் இல்லாத 18 தலைக்கு அது பொருந்தும். உள்சுவர் தேயாமல் இருக்கிறதா, வாயோரத்தில் விரிசல் இருக்கிறதா, பீங்கான் முழுவதும் உள்ளே இறங்கும் ஆழம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ரங்கூன், கொழும்புக் காலத்தில் வாங்கிய மிகப் பழைய கார்கள் ஏதேனும் வீட்டில் நின்றால், அவற்றில் 18 மி.மீ. மரையும் அதைவிடப் பெரிய தலையும் இருக்கக்கூடும்; ஃபோர்டு மாடல் டி காரில் பிளக் மரையே அரை இஞ்ச் பைப் மரை. அங்கே பட்டியல்கள் எதுவும் உதவாது. வெர்னியர் காட்டும் எண்ணே முடிவு.

வாய் சரியாக இருந்தால் மட்டும் போதாது

பிளக் சாக்கெட் சாதாரணச் சாக்கெட்டைவிட நீளமானது. தலையைப் பிடிக்கும்போது பீங்கான் முழுவதும் அதற்குள் மறைய வேண்டும்; குட்டையான சாக்கெட் பீங்கானின் உச்சியில் முட்டி நின்று, தலையைப் பாதி மட்டுமே பிடிக்கும். உள்ளே ஒரு ரப்பர் வளையமோ காந்தமோ இருந்தால், ஆழமான குழியிலிருந்து பிளக்கைத் தூக்கி எடுக்க வசதி. ரப்பர் வளையத்தையே நான் விரும்புகிறேன், அது பீங்கானை நடுவில் நிறுத்திச் சாயாமல் காக்கும். ஆனால் வெயிலில் கிடந்து பிசுபிசுத்துப்போன ரப்பர், மாட்டிய பிளக்கை விடாமல் பிடித்துக்கொண்டு சாக்கெட்டையே குழிக்குள் நிறுத்திவிடும். அப்படி ஆனால் வளையத்தைப் பிடுங்கி மாற்றிவிடுங்கள்.

சுவரின் கனத்தையும் பார்க்க வேண்டும். பல இருசக்கர வண்டிகளில் பிளக் உட்கார்ந்திருக்கும் குழி மிகக் குறுகலானது; வாய் 16ஆகவே இருந்தாலும் வெளிச்சுவர் தடித்த சாக்கெட் குழிக்குள் இறங்காது. குழியின் அகலத்தை வெர்னியரின் உள்தாடையால் அளந்துகொண்டு, சாக்கெட்டின் வெளிவிட்டம் அதைவிட ஒரு மில்லிமீட்டராவது குறைவாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தொகுப்போடு வரும் குழாய் வடிவப் பாக்ஸ் ஸ்பேனரைச் சிலர் ஏளனமாகப் பார்ப்பார்கள். சுவர் மெலிதாக இருப்பதே அதன் சிறப்பு.

அடுத்து டிரைவ், அதாவது ராட்செட் கைப்பிடியின் சதுரம் நுழையும் துளை. இங்கேதான் மெட்ரிக் பக்தர்களும் இஞ்சுக்குத் தலைவணங்க வேண்டியிருக்கிறது. சாக்கெட்டின் வாய் மில்லிமீட்டரில் இருந்தாலும் மேலே உள்ள சதுரம் உலகெங்கும் கால் இஞ்ச், 3/8 இஞ்ச், அரை இஞ்ச் என்றே இருக்கும். "அரை இஞ்ச் சாக்கெட் குடுங்க" என்று கேட்டால் கடைக்காரருக்கு அரை இஞ்ச் டிரைவா, அரை இஞ்ச் வாயா என்று தெரியாது; ஆகவே "பதினாறு பிளக் சாக்கெட், மூணு நூல் டிரைவ்" என்று இரண்டையும் சொல்லுங்கள். பிளக் வேலைக்கு 3/8 டிரைவே போதும். அரை இஞ்ச் கைப்பிடி நீளமானது, 10 மி.மீ. மரைப் பிளக்கை அதனால் இறுக்கினால் மரை போவது தெரியாமலே போய்விடும்.

மாட்டிப் பார்த்துக் கழற்றுவது

வாங்கும்போதே பழைய பிளக்கைக் கையில் கொண்டுபோய்விடுங்கள். சாக்கெட் விரலழுத்தத்திலேயே அடிவரை இறங்க வேண்டும்; இறங்கிய பின் இடம் வலமாகத் திருப்பினால் கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் இருக்கக் கூடாது. இந்தச் சோதனையில் தேறினால் மேலே என்ன எண் பொறித்திருந்தாலும் பரவாயில்லை.

கழற்றும் முன் எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், அலுமினிய எஞ்சின் தலைப்பகுதியிலிருந்து சூட்டோடு கழற்றினால் மரை பிய்ந்துகொண்டு வரும். நம் செம்மண் சாலையில் ஓடும் வண்டியின் பிளக் குழியில் ஒரு சிட்டிகை மண்ணாவது கட்டாயம் இருக்கும். சைக்கிள் பம்பால் ஊதிவிட்டே கழற்றுங்கள், இல்லாவிட்டால் அந்த மண் நேராகச் சிலிண்டருக்குள் இறங்கிவிடும்.

புதிய பிளக்கை ஒருபோதும் ராட்செட்டோடு தொடங்க வேண்டாம். பீங்கான் முனையில் ஒரு துண்டு ரப்பர் குழாயைச் செருகி, அதைப் பிடித்து விரலாலேயே மரையில் ஏற்றுங்கள். கோணல் மரை ஏறினால் குழாய் வழுக்கிவிடும், மரை தப்பிக்கும். விரலால் அடிவரை இறங்கிய பிறகே சாக்கெட். இறுக்கும் விசையைக் காட்டும் டார்க் ரென்ச் இருந்தால், அலுமினிய எஞ்சின் தலைப்பகுதியில் 10 மி.மீ. மரைக்கு 10 முதல் 12 நியூட்டன் மீட்டர், 12 மரைக்கு 15 முதல் 20, வாஷர் உள்ள 14 மரைக்கு 25 முதல் 30. டார்க் ரென்ச் இல்லையென்றால் கைக்கணக்கு: வாஷர் உள்ள புதிய பிளக்குக்கு விரலிறுக்கத்துக்குப் பின் சுமார் அரைச் சுற்று; வாஷர் ஏற்கெனவே நசுங்கிய பழைய பிளக்குக்குப் பன்னிரண்டில் ஒரு பங்குச் சுற்று, அதாவது கடிகாரத்தின் சிறிய முள் ஒரு மணியில் நகரும் அளவு; வாஷரே இல்லாமல் அடி கூம்பாக உள்ள பிளக்குக்குப் பதினாறில் ஒரு பங்கு. நம் பழைய கணக்கில் அது சரியாக ஒரு வீசம்.